ஐயமும் தெளிவும்



குழந்தையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால் அக்குழந்தை நெடுநாள் வாழாது என்னும் நம்பிக்கை முற்காலத்தில் ஐரோப்பிய மக்களிடையே நிலவியது. அதன் பின்னே உண்மையான நோய் ஒன்று மறைந்திருந்தது. அதுவே சிஸ்டிக் பைப்ரோசிஸ்.

1938-இல் நியூயார்க் மருத்துவர் டோரதி ஆண்டர்சன் இதனைத் தனி நோயாக விளக்கினார். உடலில் சுரக்கும் சளி கெட்டியாகிக் கணையத்தையும் மூச்சுக்குழல்களையும் அடைக்கும். பால் குடித்தும் எடை ஏறாது, நெஞ்சுச்சளி தீராது. 1948-இல் அந்நகரைக் கடும் வெப்பம் வாட்டியபோது இந்நோயுற்ற குழந்தைகள் பெரிதும் சோர்ந்தனர். காரணம் தேடிய மருத்துவர் டி சான்ட் ஆக்னீஸ் குழுவினர், அவர்களுடைய வியர்வையில் உப்பு மிகுந்திருப்பதை 1953-இல் வெளியிட்டனர்.

இன்று பல நாடுகளில் குழந்தை பிறந்த சில நாள்களிலேயே குதிகாலில் குத்திச் சில துளிக் குருதியை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கின்றனர். இதற்கு வழிகாட்டியது 1979-இல் நியூசிலாந்தில் நிகழ்ந்த ஆய்வு. கணையத்தில் தோன்றும் டிரிப்சினோஜன் என்னும் பொருள், நோயுள்ள குழந்தையின் குருதியில் மிகுந்திருக்கும். 2010 முதல் அமெரிக்க மாநிலங்கள் அனைத்திலும் இச்சோதனை நடைபெறுகிறது.

இங்கே ஒன்றை உணர்தல் வேண்டும். குருதிச் சோதனை எழுப்புவது ஐயமே, அது தீர்ப்பன்று. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், பிறப்பின்போது இன்னலுற்ற குழந்தைக்கும் அப்பொருள் மிகுந்து காணலாம். முதற் சோதனையில் ஐயத்திற்குள்ளான குழந்தைகளுள் பெரும்பாலோர்க்கு இந்நோய் இராது.

தெளிவு தருவது வியர்வைச் சோதனை. கையில் மருந்திட்டு மென்மையான மின்னோட்டத்தால் வியர்வையைத் தூண்டி, அரைமணி நேரம் சேகரிப்பர். குளோரைடு அளவு 60 அல்லது அதற்கு மேலாயின் நோய் பெரும்பாலும் உறுதி. 30-க்குக் கீழாயின் நோய் இருத்தல் அரிது. இடைப்பட்டால் மரபணுச் சோதனை துணைபுரியும். உறுதியானவுடன் செரிமான நொதியும், வைட்டமின்களும், உப்பும் அளித்தால் குழந்தையின் வளர்ச்சி காக்கப்படும். காலம் தாழ்ந்தால் இழந்த வளர்ச்சியை மீட்பது கடினம்.

நம் நாட்டில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யப்படுவதில்லை. ஆதலால் வீட்டார் கண்ணே முதற் சோதனை. எண்ணெய்ப்பசையுள்ள மிகுதியான மலம், ஏறாத எடை, ஓயாத இருமல், உப்புக் கரிக்கும் மேனி ஆகியவற்றைக் கண்டால் குழந்தை மருத்துவரிடம் வியர்வைச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும். மேலை நாட்டாரைவிட நம்மிடையே இந்நோய் குறைவு, எனினும் இல்லாததன்று.

இறுதியாக ஒன்று. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். அவ்விருவரும் நலமாகவே இருப்பர். ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணம் முடிக்கும் குடும்பங்களில் இத்தகைய மரபு நோய்களுக்கு வாய்ப்பு மிகும். எனவே மருமகளை மட்டும் பழிப்பது அறியாமை; அவளது துயரைப் பெருக்கும் கொடுமையும் ஆகும். ஐயம் எழுந்தால் மறைக்காமல் தெளிவு நாடுவோம். பிள்ளையின் நோய்க்குப் பழி தேடும் நேரத்தைப் பிள்ளையைப் பேணுவதற்குத் தருவோம்.