சிறுதேரும் சின்னக் காரும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற பேச்சு)



பழைய விளையாட்டுப் பொருள்கள்மீது மக்கள் கொள்ளும் ஏக்கத்தைப் பற்றியும், அவற்றைத் தேடிச் சேர்க்கும் வழக்கத்தைப் பற்றியும் சில சொல்லும்படி செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். இருபத்திரண்டு வயதில் நின்றுகொண்டு "எங்கள் காலத்திலே" என்று தொடங்கினால் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்கள் நகைப்பார்கள் என்பதை அறிவோம். நகைக்கட்டும். பம்பரத்துக்குக் கயிறு சுற்றத் தெரிந்த சிறுவரைக் காண்பது இன்று எமது ஒழுங்கைகளில் அரிதாகிவிட்டது. அதைப் பார்க்கும்போது, இந்த வயதிலேயே முதியோர் ஆகிவிட்டோமோ என்ற ஐயம் எமக்கும் எழாமல் இல்லை.

விளையாட்டுப் பொருளைச் சிறுபிள்ளை விஷயமென்று முன்னோர் ஒதுக்கவில்லை. சிந்துவெளியில் மொகெஞ்சதாரோ, ஹரப்பா ஆகிய பழநகரங்களிலே அகழ்ந்தெடுத்த பொருள்களுள் சுடுமண்ணாற் செய்த சிறுவண்டிகள் உண்டு, ஊதுகுழல்கள் உண்டு, நூலை இழுத்தால் தலையசைக்கும் மாடும் உண்டு. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே யாரோ ஒரு குழந்தை அந்த நூலை இழுத்துச் சிரித்திருக்கிறது. நம் சங்கப் புலவர்களும் இதனைக் கவனித்தே இருக்கிறார்கள். குறுந்தொகையிலே தும்பிசேர் கீரனார் தச்சன் செய்த சிறுவண்டியைச் சொல்லுகிறார். சிறுவர்க்கு அதில் ஏறிச் செல்ல இயலாது. இழுத்துக்கொண்டு ஓடுவதே அவர்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. பட்டினப்பாலையிலே காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றத்தில் உணவுப்பொருள் உலர்கிறது. கொத்த வந்த கோழியை விரட்ட ஒரு பெண் தன் காதிற் கிடந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அக்குழை சிறுவர் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேருக்குக் குறுக்கே கிடந்து வழிமறிக்கிறது. நகரத்தின் செல்வத்தைக் காட்டவந்த உருத்திரங்கண்ணனார், குழந்தையின் தேருக்கு முன்னே பொன்னை வெறும் தடைக்கல்லாக்கி விட்டார்! பொருளியல் பயிலும் எம் நண்பர் ஒருவர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

பக்தி இலக்கியத்துக்கு வந்தால், விளையாட்டே வழிபாடாகிறது. மணிவாசகப் பெருமான் திருவம்மானை, திருச்சாழல், திருவுந்தியார், திருத்தோணோக்கம், திருப்பொன்னூசல் என்று பெண்களின் ஆடல்களை எடுத்துக்கொண்டு அவற்றுள்ளே சிவனை வைத்தார். பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், முருகனைச் சிறுபறை முழக்கவும் சிறுதேர் உருட்டவும் அழைக்கிறார். மதுரை மீனாட்சியை அம்மானை ஆடவும் ஊசல் ஆடவும் அழைக்கிறார். இவற்றுள் எமக்கு மிகவும் உவப்பானது சிற்றிற் பருவம். சிறுமியர் மணலிலே கட்டிய வீட்டைப் பிள்ளை முருகன் காலால் அழிக்க வருகிறான். அழிக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். அவன் அழித்தால் நாளை வேறொன்று கட்டுவார்கள் என்பது பாடுபவர்க்கும் தெரியும், கேட்பவர்க்கும் தெரியும். இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு, கடல் கடந்து மேல்நாட்டுக்குச் செல்வோம்.

பழைய விளையாட்டுப் பொருள்களைச் சேர்ப்பது அங்கே பெரிய கலையாகவும் பெரிய வியாபாரமாகவும் வளர்ந்திருக்கிறது. லிவர்பூல் நகரத்திலே பிராங் ஹோர்ன்பி என்பார் 1901இல் மெக்கானோ என்னும் இணைப்பு விளையாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தொழிற்சாலையிலிருந்தே 1934இல் டிங்கி என்ற பெயருடைய சின்னஞ்சிறு கார்கள் வெளிவந்தன. அத்தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. லெஸ்னி என்ற கொம்பனியில் ஜக் ஓடல் என்னும் பொறியியலாளர் இருந்தார். தீப்பெட்டிக்குள் அடங்கும் விளையாட்டுப் பொருளை மாத்திரமே கொண்டுவரலாம் என்று அவர் மகளின் பாடசாலையில் ஒரு விதி. அதற்காக அவர் தெருவுருளை இயந்திரம் ஒன்றைத் தீப்பெட்டி அளவிற் செய்து கொடுத்தார். 1953 முதல் மாட்ச்பொக்ஸ் என்று உலகமெங்கும் ஓடிய கார்களுக்கு அதுவே தொடக்கம். கண்டிப்பான பாடசாலை விதிகளால் உண்டாகும் நன்மைக்கு இதனைவிடச் சிறந்த சான்று எமக்குத் தெரியவில்லை.

யப்பானின் கதை வேறு. 1945இன் இறுதியிலே, போரில் தோற்றுப் பசித்திருந்த நாட்டில், கொசுகே மத்சுசோ என்பவர் அமெரிக்கப் படையினர் எறிந்த தகரப் பேணிகளை வெட்டித் தட்டி, அவர்கள் ஓட்டித் திரிந்த ஜீப்பின் சிறுவடிவைச் செய்து விற்றார். வென்றவனின் வெறும் பேணி தோற்றவன் பிள்ளையின் கையிலே விளையாட்டாயிற்று. யாழ்ப்பாணத்திலே பொருளாதாரத் தடையின் காலத்தை அறிந்த பெரியோர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. மின்கலம் வர விடாத அந்நாள்களிலே துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள், பிள்ளைகளுக்குப் பால்மாப் பேணியை உடலாகவும், தேய்ந்த பாட்டாச் செருப்பை வெட்டிச் சக்கரமாகவும் வைத்து லொறி செய்து கொடுத்தார்கள். அந்த லொறிகளில் ஒன்றுகூட எந்த அருங்காட்சியகத்திலும் இருப்பதாக நாம் கேள்விப்படவில்லை.

சேர்ப்போரின் உலகத்திலே ஒரு வினோதமான சட்டம் உண்டு. ஒரே காருக்கு, வண்ணம் உதிர்ந்திருந்தால் ஒரு விலை; வண்ணம் குன்றாதிருந்தால் அதனினும் மேலான விலை; அது வந்த அட்டைப் பெட்டியும் கூட இருந்தால் பன்மடங்கு விலை. எந்தக் குழந்தையும் தொடாத பொருளே அவர்களுக்கு உத்தமமான பொருள். விளையாட்டுக்கென்று பிறந்து, விளையாட்டு என்பதையே அறியாமல் அறுபது வருடம் இருட்டிலே கிடந்த ஒன்றுக்கு அங்கே முதன்மரியாதை. இத்தனைக்கும் பெட்டி காப்பாற்றிவிடும் என்ற உறுதியும் இல்லை. 1930களில் வார்க்கப்பட்ட டிங்கிக் கார்கள் பல, துத்தநாகக் கலவையிலே ஈயம் சிறிது கலந்துவிட்ட குற்றத்தினால், யாரும் தொடாமலே உள்ளிருந்து வெடித்து, வளைந்து, பொடியாகின்றன.

எம் பெரியப்பாவின் கதையை இவ்விடத்திற் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். எமது பாட்டனார் கொழும்பிலே எழுதுவினைஞராக இருந்தவர். யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956இல். அதன்பின் இரண்டு வருடங் கழித்து, ஒரு தைப்பொங்கல் விடுமுறைக்கு அப் புகையிரதத்திலே வந்திறங்கியபோது, அவர் பெட்டிக்குள் ஒரு டிங்கிக் கார் இருந்தது. ஓஸ்ரின் ஏ 40 சொமர்செற், உள்ளங்கையில் அடங்குவது. அந்நாளில் யாழ்ப்பாணத்துத் தெருக்களில் ஓடிய கார்களின் அதே முகம். (அந்தப் பெரிய ஓஸ்ரின்களுட் சில தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய் குடித்தும் ஓடின என்பதை இங்கே நன்றியோடு குறிப்பிடுவோம்.) ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரம் அலுமாரியிலிருந்து இறங்கும் கார் அது. ஒரு ஞாயிறு எம் அத்தை அதைக் கிணற்றுக்கட்டிலிருந்து விழுத்தி முன்முகத்திலே ஒரு வடு உண்டாக்கினார். அண்ணனுக்கும் தங்கைக்கும் மூன்று நாள் பேச்சில்லை. அதன்பின் எழுபதுகளில், 1977 வரை, இறக்குமதிக் கட்டுப்பாட்டினாலே அத்தகைய பொருள்கள் கடைகளில் அருகிப்போயின. ஆகவே கடைக்குட்டியாகிய எம் தந்தையாருக்கு வாய்த்ததும் அந்த வடுப்பட்ட கார்தான்.

1995 ஐப்பசியிலே, ஒரே இரவில் வலிகாமம் முழுவதும் வீட்டைவிட்டு நடந்தபோது, கார் அலுமாரியிலேயே இருந்தது. பிள்ளையையும் உறுதிக்கட்டையும் அரிசியையும் தூக்கியவர்கள் அதை நினைக்க நியாயமில்லை. மறு வருடம் திரும்பியபோது அலுமாரியும் இல்லை.

பெரியப்பா பல வருடமாக இலண்டனில் இருக்கிறார். சிலகாலத்துக்கு முன் ஒரு பழம்பொருட் சந்தையிலே அதே சொமர்செற்றை, அதே நிறத்தில், மஞ்சட் பெட்டியோடு கண்டு வாங்கினார். விலையைப் பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். கைத்தொலைபேசியிலே எமக்கு அதைக் காட்டினார். நாலு பக்கமும் திருப்பிக் காட்டினார். பக்கத்தில் நின்ற அத்தையைக் கூப்பிடச் சொல்லி, "பார், முகத்திலே அடியில்லை" என்றார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அந்தக் கார் இலண்டனில் ஒரு கண்ணாடி அலுமாரியில் இருக்கிறது. பேரப்பிள்ளை தொடக்கூடாது என்பது உத்தரவு.

பெரியப்பாவின் ஏக்கத்தை நாம் குறைகூற வரவில்லை. ஊரையும் வீட்டையும் வாங்க முடியாத மனிதர் காரை வாங்கினார். ஆனால் சேர்க்கத்தக்கது எது என்ற வினா அன்றிரவு எம்மை விடவில்லை.

ஏனெனில் நம்முடைய சொந்த விளையாட்டுப் பொருள்கள் பெட்டிக்குள் இருக்கச் சம்மதிப்பன அல்ல. நுங்கு குடித்தபின் எறியும் கோம்பை இரண்டை ஒரு தடியிற் கோத்துக் கவர்க்கம்பாலே தள்ளும் வண்டில், ஒரு வாரத்தில் உலர்ந்து சுருங்கிவிடும். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீ அந்திக்குள் வாடிவிடும். தென்னோலைக் கைக்கடிகாரம் மணி காட்டாமலே மறுநாள் மஞ்சளாகும். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கலன்று ஏறும் கொக்குப்பட்டம், பிராந்துப்பட்டம், எட்டுமூலைப்பட்டம் எல்லாம் வாடைக்காற்றின் பருவத்தோடு முடிந்துபோகும். அவற்றின் தலையிலே கட்டும் விண்ணின் கூவலை எந்தக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது? திருவிழாக் கடையில் வாங்கிய அம்மம்மாக் குழல் வீடு வந்து சேரும்வரை ஓசை எழுப்பினாலே பெரிய காரியம். மணல்வீட்டைப் பற்றிச் சொன்னோம் அல்லவா? இவை எல்லாம் அந்த மணல்வீட்டின் உறவினர். உடைந்தால் வேறொன்று செய்யத் தெரிந்த கை அருகில் இருந்தது. ஆதலால் உடைவதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. இன்று பிளாஸ்ரிக் துப்பாக்கி உடைந்தால் அடுத்த கோயிற் திருவிழா வரை அழுகைதான். துப்பாக்கியைப் பற்றி வேறும் சொல்லலாம்; விடுவோம்.

தமிழரிடம் சேர்க்கும் வழக்கமே இருக்கவில்லை என்பதும் தவறு. தமிழ்நாட்டிலே நவராத்திரிக் கொலுவிலே பாட்டியின் மரப்பாச்சியும், தாய் வாங்கிய செட்டியாரும், இவ்வருடம் வந்த புதுப் பொம்மையும் ஒரே படியில் வீற்றிருக்கும். எமது யாழ்ப்பாணத்து வீடுகளிலே கும்பமும் ஏடுமே பெருவழக்கு; கொலு குறைவு. ஆனால் கொலுவின் மனப்பான்மையை நாம் முதலிற் கண்டது, சொல்லப்போனால், எம்மைப் படிப்பித்த மிஷன் பாடசாலையிலே. மார்கழியில் அங்கே பாலன் குடில் வைப்பார்கள். அதில் ஓர் ஆட்டுக்குட்டிக்குக் காலில்லை. எத்தனை புதுப் பொம்மை வந்தாலும் அதை ஒருவரும் கழிக்கவில்லை. வைக்கோலிலே சாய்த்து முன்வரிசையில் வைப்பதே வழக்கம். அதை வைக்கும் பாக்கியத்துக்குச் சைவப் பிள்ளைகளாகிய நாமும் போட்டியிட்டோம். மேல்நாட்டுச் சந்தையில் அந்த ஆட்டுக்குட்டிக்கு ஒரு சதமும் கிடையாது.

கடந்த விடுமுறையிலே நாமும் நண்பர் மூவரும் ஒரு கொப்பியோடு வடமராட்சியிலே சில வீடுகளுக்குச் சென்றோம். பொருளை அல்ல, செய்முறையையும் பெயரையும் சேர்ப்பது எமது எண்ணம். ஒரே விளையாட்டுக்கு இரண்டு மைல் தூரத்திலே வேறு பெயர் இருக்கிறது. ஒவ்வொருவரும் தம் பெயரே சரியென்று வழக்காடுவார்கள். அந்த வழக்குகளையும் எழுதிக்கொண்டோம். ஓர் ஆச்சி குருத்தோலையிலே கிளி செய்வதில் வல்லவர் என்று கேள்விப்பட்டு அவரிடம் போனோம். எத்தனை மடிப்பு, எந்தப் பக்கம் முதலில் என்று வினவினோம். "ஆருக்கு மோனை தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையிலே தெரியாது. ஓலையைக் கையிற் கொடுத்தோம். ஈர்க்கை உரித்து, எம்மோடு ஊர்க்கதை பேசிக்கொண்டே, விரல்களைப் பாராமலே கிளியைச் செய்து மடியிலே போட்டார். நாக்கு அறியாததை விரல் அறிந்திருந்தது. மெதுவாகச் செய்யும்படி கேட்டபோது விரலும் மறந்துபோயிற்று! ஆகவே பழைய வேகத்திலேயே நாலு கிளி செய்வித்து, தலை, கழுத்து, செட்டை என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டோம். வாலை மடிக்கும் இடத்துக்கு வரும்போது இருட்டிவிட்டது. அடுத்த கிழமை வாருங்கள், பனங்காய்ப் பணியாரமும் சுட்டுத் தருகிறேன் என்றார்.

அடுத்த கிழமை சென்றபோது படலையிலே பந்தல் போட்டிருந்தது.

கொப்பியிலே அந்தப் பக்கம் பாதி வெறுமையாக இருக்கிறது. அவர் செய்த நாலு கிளிகளுள் ஒன்றை அவிழ்த்துப் பார்த்தோம். காய்ந்த ஓலையாதலின் வாலருகே முறிந்துவிட்டது. மற்ற மூன்றையும் அவிழ்க்க மனம் வரவில்லை. அவை இப்போது வாசலிலே மேசைமேல் இருக்கின்றன. பக்கத்திலே இன்று காலை வெட்டிய பனங்குருத்தும் ஒரு சிறு கத்தியும் வைத்திருக்கிறோம். இச்சபையிலே கிளிக்கு வால் மடிக்கத் தெரிந்த தாய்மார்கள், பெரியோர்கள் இருப்பின், தேநீர் அருந்தியபின் தயவுசெய்து அம்மேசையருகே வாருங்கள். எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, செய்தாற் போதும். விண் கட்டத் தெரிந்தவர்களும் வரலாம். மூங்கிற் சிலாகையும் நாரும் மேசையின் கீழே உள்ளன. கொப்பியும் பேனாவுமாக நாம் அங்கே நிற்போம்.