ஸ்டேடியம் யாருடைய ஊரில் இருக்கிறது?

(மாணவர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஓட்டப்பந்தயத்தைப் பற்றிப் பேச எதற்குச் சாதி ஒழிப்பு மேடை என்று உள்ளே வரும்போது ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்விதான். பேசி முடிக்கும்போது பதில் கிடைக்கிறதா பாருங்கள்.

2025 ஆகஸ்ட் 20 முதல் 24 வரை, சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் மாநிலங்களுக்கு இடையேயான 64-வது தேசிய சீனியர் தடகளப் போட்டி நடந்தது. அடுத்த மாதம் டோக்கியோவில் உலகத் தடகளப் போட்டி. அதனால் இங்கே ஓடியவர்களுக்கு இது பதக்கத்தோடு முடிகிற விஷயமாக இல்லை, டோக்கியோவுக்கான வாசலாகவும் இருந்தது. 2022 ஜூனில் இதே போட்டி இதே அரங்கில் நடந்தது. இடையில் 2023-ல் புவனேஸ்வர், 2024-ல் பஞ்ச்குலா.

இந்த ஊர்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள்? இந்தியத் தடகள சம்மேளனம், மாநில சங்கம், மாநில அரசு மூன்றும் சேர்ந்து முடிவு செய்கிற விஷயம் இது. எட்டுத் தடங்கள் கொண்ட 400 மீட்டர் சிந்தெடிக் ஓடுதளம் வேண்டும். பக்கத்திலேயே உடம்பைச் சூடேற்றிக்கொள்ள இன்னொரு ஓடுதளம் வேண்டும். ஆயிரத்தில் ஒரு விநாடி வித்தியாசத்தைக் காட்டுகிற போட்டோ பினிஷ் கேமரா, ஊக்கமருந்துச் சோதனைக்கு அறைகள், வட்டும் ஈட்டியும் சங்கிலிக் குண்டும் எறியப் பாதுகாப்பான திடல், பெரிய மருத்துவமனை, விமான நிலையம், நூற்றுக்கணக்கானவர்கள் தங்க அறைகள் எல்லாம் வேண்டும். ஒவ்வொன்றும் நியாயமான தேவை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பெருநகரத்தைத் தவிர வேறெந்த ஊரும் தேறாது. அரங்கம் இருப்பதால் போட்டி வருகிறது, போட்டி வருவதால் அரங்கத்துக்கு மறுபடியும் பணம் வருகிறது. வெளியே நிற்கிற ஊர் வெளியேதான் நிற்கும்.

இதெல்லாம் தொழில்நுட்பம், இதில் அரசியல் இல்லை என்பவர்களுக்கு 2013-ஐ நினைவூட்டலாம். அந்த ஆண்டு ஆசியத் தடகளப் போட்டி இதே சென்னையில் நடப்பதாக இருந்தது. இலங்கை வீரர்கள் வருவதால் நடத்த மாட்டோம் என்று அன்றைய ஜெயலலிதா அரசு அறிவித்தது. போட்டி புனேவுக்குப் போனது. அந்த முடிவு சரியா தவறா என்பது தனி விவாதம். ஆனால் எந்த ஊரில் ஓடுவது என்பது எப்போதும் அரசியல் முடிவுதான். யாருடைய அரசியல் என்பதே கேள்வி.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு யோசனை வரும். போட்டிகளைக் கிராமங்களுக்குக் கொண்டு போங்கள், உண்மையான திறமை அங்கேதான் இருக்கிறது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். நான் அந்தக் கட்சி இல்லை. இந்தியக் கிராமத்தைப் புனிதப்படுத்தியவர்களுக்கு அரசியல் நிர்ணய சபையிலேயே அண்ணல் அம்பேத்கர் பதில் சொல்லிவிட்டார். கிராமத்தில் மைதானம் என்றால் முதலில் அது எந்தத் தெருவின் பக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டம் ஸ்ரீவைகுண்டம் அருகே, பொதுத்தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவரை இறக்கி, விரல்களை வெட்டினார்கள். கபடிப் போட்டியில் இவருடைய அணி ஆதிக்கச் சாதிப் பையன்களின் அணியைத் தோற்கடித்ததுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். 2021-ல் ஒலிம்பிக் அரையிறுதியில் இந்திய மகளிர் ஹாக்கி அணி தோற்றபோது, ஹரித்வார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டு முன்னால் பட்டாசு வெடித்துச் சாதியைச் சொல்லித் திட்டினார்கள். ஜெயித்தாலும் குற்றம், தோற்றாலும் குற்றம். சொந்த ஊர் மைதானம் நமக்குக் கொடுத்தது இதுதான்.

ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த காலத்தில் நானும் 400 மீட்டர் ஓடியவன். எங்கள் பள்ளி மைதானம் சின்னது. 200 மீட்டர் வட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு இரண்டு சுற்று ஓடுவோம். ஓரத்தில் சீமைக் கருவேலம், வளைவில் முள். வட்டாரப் போட்டியில் முதலாவதாக வந்தபோது ஒரு நடுவர் என் பெயரைக் கேட்கவில்லை, எந்தத் தெரு என்று கேட்டார். முதன்முறையாக நகரத்து சிந்தெடிக் ஓடுதளத்தில் ஓடிய அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. தடம் எண் 6 என்றார்கள், அவ்வளவுதான். அந்த எண் எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

அதனால் சொல்கிறேன், போட்டி பெருநகரத்தில் நடக்கட்டும். தெரு கேட்காத ஒரு கோட்டில் எட்டுப் பேர் நிற்கிற இடம் இந்த நாட்டில் அபூர்வம். அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் அந்தக் கோடு வரைக்கும் வந்து சேர்வதில்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. நகரம் நமக்கு வேண்டும் என்றால், அந்த நகரம் நம்மை எங்கே வைத்திருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

நேரு அரங்கத்தைச் சுற்றி ஒரு நடை போய்ப் பார்ப்போம். பக்கத்திலேயே ரிப்பன் மாளிகை. ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் குப்பை அள்ளும் பணியைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து, 2025 ஆகஸ்ட் 1 முதல் அங்கே தூய்மைப் பணியாளர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களைக் கைது செய்து பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு போனது. சரியாக ஒரு வாரம் கழித்து, நடந்து போகிற தூரத்தில், தேசியப் போட்டி தொடங்கியது.

போட்டிக்காகத்தான் அவர்களை அகற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்ற உத்தரவைக் காரணம் காட்டினார்கள். நான் சொல்வது வேறு. ஒரே மாதம், ஒரே பகுதி. ஐந்து நாள் போட்டிக்கு வந்தவர்களை நகரம் வரவேற்றது. அந்த நகரத்தை ஆண்டு முழுக்கச் சுத்தமாக வைத்திருப்பவர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்ததை அதனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இன்னும் கொஞ்சம் நடந்தால் கண்ணப்பர் திடல். நடைபாதையிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள், வீடு தருவோம் என்ற வார்த்தையை நம்பி, மாநகராட்சியின் காப்பகக் கட்டடத்தில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்த இடம் அது. அரங்கத்தின் விளக்குகள் எரிந்த இரவுகளில் எல்லாம் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்டவர்களை எங்கே கொண்டு போனார்கள்? கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியின் கார்த்திகா கண்ணகி நகர்ப் பெண். ஊரின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த இதே சென்னை, அந்த வாரம் அதே பெயரைப் பெருமையாகச் சொன்னது. கபடிக்கு ஒரு துண்டு மண் போதும், தெருவிலேயே தொடங்கிவிடலாம். தடகளம் அப்படி இல்லை. 400 மீட்டருக்கு வட்டம் வேண்டும். அந்த வட்டம் பெரியமேட்டில் இருக்கிறது, பிள்ளைகள் பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கிறார்கள்.

என் ஆய்வுக்காக அங்கே பேசியபோது ஒரு அம்மா சொன்னார்: “பொண்ணு நல்லா ஓடுதுன்னு டீச்சர் சொன்னாங்க. காலைல ஆறு மணிக்கு கிரவுண்டுக்குக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. ரெண்டு பஸ் மாறணும். நாலரைக்குக் கிளம்புனா, நான் வேலைக்குப் போற வீட்டுக்கு யார் போறது?” அந்தப் பெண் இப்போது ஓடுவதில்லை. அவள் பெயர் எந்தத் தோல்விப் பட்டியலிலும் இல்லை. கோட்டுக்கே வராதவளின் நேரத்தை எந்தக் கேமராவும் பதிவு செய்யாது.

அடுத்தது பணம். 2010-ல் டெல்லியில் காமன்வெல்த் போட்டிகள் நடந்தன. பட்டியல் சாதி மக்களின் மேம்பாட்டுக்கென்று ஒதுக்கிய துணைத் திட்ட நிதியிலிருந்து 744 கோடி ரூபாயை டெல்லி அரசு அந்தப் போட்டிகள் தொடர்பான செலவுகளுக்குத் திருப்பியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாக வெளியே வந்தது. தலித் அமைப்புகள் போராடின. அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் தவறு நடந்திருப்பதை மாநிலங்களவையில் ஒப்புக்கொண்டார். விடுதிக்கும் உதவித்தொகைக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய பணம் அது.

அந்தப் போட்டிகளுக்காகக் கட்டியவற்றில் ஒன்று தியாகராஜ் அரங்கம். 2022-ல் அங்கே மாலை ஏழு மணிக்கெல்லாம் வீரர்களையும் பயிற்சியாளர்களையும் வெளியே அனுப்பினார்கள். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி தன் நாயுடன் நடை பழக வேண்டுமாம். செய்தி வெளிவந்ததும் அவரை லடாக்குக்கு மாற்றினார்கள், லடாக் மக்கள் என்ன தப்பு செய்தார்களோ தெரியாது. நாம் சிரித்துவிட்டு மறந்துவிட்டோம். ஆனால் அங்கே கேட்க வேண்டிய கேள்வி நாயைப் பற்றியது இல்லை. பொதுப் பணத்தில் கட்டிய அரங்கத்தின் சாவி போட்டி முடிந்த பிறகு யார் கையில் இருக்கிறது?

இதை இன்று பேசக் காரணம் இருக்கிறது. 2030 காமன்வெல்த் போட்டிகள் அகமதாபாத்துக்கு உறுதியாகியிருக்கின்றன. 2036 ஒலிம்பிக்கையும் இந்தியா கேட்கிறது. இனி நகரங்களுக்கு இடையே பெரிய போட்டி நடக்கும். 2010-ல் நடந்தது மறுபடியும் நடக்காது என்பதற்கு நாம் விழித்திருப்பதைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை.

சாந்தி சௌந்தரராஜனைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் பதக்கத்தைப் பறித்தார்கள். அன்றைய கலைஞர் அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது. அந்தப் பணத்தை வைத்து அவர் புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்குப் பயிற்சி மையம் தொடங்கினார். தொடர்ந்து நடத்தப் பணமில்லை. பிறகு அவரே செங்கல் சூளைக்கு வேலைக்குப் போகும் நிலை வந்தது. அரசுப் பயிற்சியாளர் வேலை அதற்குப் பிறகுதான் கிடைத்தது. அரசு செய்திருக்க வேண்டியதை, பதக்கம் பறிபோன ஒரு தலித் பெண் தன் பரிசுப் பணத்தில் செய்து பார்த்தார். தலைநகர அரங்கத்துக்கும் கத்தக்குறிச்சிக்கும் இடையில் இருக்கிற வெற்றிடத்தை அவர் ஒருவர் நிரப்ப முடியுமா?

அதனால் நம் கோரிக்கை போட்டி வேண்டாம் என்பதாக இருக்கக் கூடாது. நான்கு நிபந்தனைகளோடு வரட்டும் என்போம்.

ஒன்று, போட்டிக்கும் அரங்கச் சீரமைப்புக்கும் எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு போகிறது என்பதை முன்கூட்டியே வெளியிட வேண்டும். துணைத் திட்ட நிதியில் ஒரு ரூபாய் கூடத் தொடக் கூடாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிதிக்கென்று 2024-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது. கேட்க நமக்குப் பிடிமானம் உண்டு.

இரண்டு, ஐந்து நாள் போட்டிக்குத் திறக்கிற ஓடுதளம் மீதி 360 நாளும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் நலவிடுதிப் பிள்ளைகளுக்கும் கட்டணம் இல்லாமல் திறக்க வேண்டும். கண்ணகி நகரிலிருந்தும் பெரும்பாக்கத்திலிருந்தும் விடிகாலைப் பேருந்து விட வேண்டும்.

மூன்று, தலைநகரில் ஒவ்வொரு தேசியப் போட்டி நடக்கும்போதும், பின்தங்கிய ஒரு மாவட்டத்தில் ஒரு ஓடுதளமும் அதற்கு நிரந்தரப் பயிற்சியாளரும் என்று ஏற்பாடு வேண்டும். அது ஊர்த்தெருவுக்குள் அல்ல, எல்லோரும் அச்சமில்லாமல் வந்து போகிற பொது இடத்தில்.

நான்கு, அரங்கத்தைக் கூட்டிப் பெருக்குகிறவர்களுக்கும் கழிப்பறை கழுவுகிறவர்களுக்கும் நிரந்தர வேலை, முறையான சம்பளம். வீரர்களுக்கு மேடை அமைக்கிற அரசு இதையும் செய்யலாம்.

அடுத்த தேசியப் போட்டி சென்னைக்கு வருகிறது என்று செய்தி வரும் நாளில் நாம் கைதட்டலாம். கையோடு ஒரு தகவல் உரிமை மனுவும் போடலாம். கட்டணம் 10 ரூபாய். எந்த நிதியிலிருந்து செலவு, அரங்கம் யாருக்கு எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது, இந்த இரண்டு கேள்வி போதும். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் கூட்டம் முடிந்ததும் கொஞ்சம் இருங்கள். பேப்பர் கொண்டு வந்திருக்கிறேன், சேர்ந்தே எழுதிவிடலாம்.