முதலில் மீட்டர், பிறகு சிப்



1982-இல் இங்கிலாந்தில் வெளிவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் வீட்டுக் கம்ப்யூட்டரை இன்றும் பலர் பழுதுபார்த்து ஓட்டுகிறார்கள். இசட்80ஏ பிராசஸர், 3.5 மெகாஹெர்ட்ஸ் வேகம், அவ்வளவுதான்!

அது மக்கர் செய்தால் உடனே மெமரி சிப்பைக் கழற்றக் கூடாது. கீழ் 16கே மெமரியின் 8 சிப்களுக்கும் +5, +12, –5 என்று மூன்று வோல்டேஜ் வேணும். –5 நின்றுபோனால் சிப் கெட்டுவிடும். அதைச் சரிசெய்யாமல் புதுசு போட்டால், அதுவும் போச்சு! அந்த ரகச் சிப்பின் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிறது. எனவே முதலில் மல்டிமீட்டரில் மூன்றையும் அளந்து பாருங்கள், வயதான எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களை மாற்றுங்கள், சிப் கடைசியில்.

எந்த மெஷினுக்கும் இதே வரிசைதான். கெட்டது எது என்பதோடு நிற்காமல், கெடுத்தது எது என்றும் கேளுங்கள்.