செங்கல் துண்டு
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



2019-இல் பேத்தியோடு சென்னை அடையாறு தொல்காப்பியப் பூங்காவுக்குப் போயிருந்தேன். ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய உப்பங்கழி, 58 ஏக்கர். 2011 ஜனவரியில் திறந்தார்கள். தண்ணீர் ஓரமாகவே நடைபாதை. அலையாத்தி வேர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டாற்போல் நின்றன. "வேர் ஏன் தாத்தா மேலே பார்த்து முளைக்குது?" என்றாள். சேற்றில் காற்றில்லை, மூச்சுவிட வருது என்றேன். மண் நிறத்தில் உட்கார்ந்திருந்த மடையான், கிட்டே போனதும் வெள்ளை வெளேரென்று பறந்தது. பிள்ளை கைதட்டினாள்.

எனக்குத்தான் கை எழவில்லை. எண்பதுகளில் கான்ட்ராக்ட் எடுத்தபோது, இடித்த வீட்டுக் கல்லையும் காரையையும் அந்தக் கழியிலே கொட்டச் சொன்னவன் நான். ராத்திரியில்தான் லாரி போகும். (சிவில் மாணவர்கள் கவனிக்கணும்: எஸ்டிமேட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது.) ஊரே கொட்டுது, நாமும் கொட்டினோம் என்று நினைப்பு. பூங்கா அமைத்தவர்கள் இடிபாடுகளை அள்ளி அகற்றித்தான் நீர்ப்பரப்பை மீட்டார்கள்.

பாதையோரம் கிடந்த ஒரு செங்கல் துண்டைப் பேத்தி எடுத்துக் காட்டினாள். அப்போது வாய் வரலே. காரில் ஏறினதும் சொன்னேன்.

"எத்தனை லாரி தாத்தா?"

கணக்கு வைக்கலேம்மா என்றேன்.