மலை நீர் சேரும் குடா



ஸ்கொட்லாந்தின் மேற்குக் கரையிலே கடல், மலைகளுக்கு நடுவே விரல்களைப் போல நீண்டு உள்ளே புகுந்து கிடக்கிறது. அத்தகைய கடற்குடாவை அந்நாட்டார் 'லொக்' என்பர். கரையோரத்தில் நாலைந்து வீடுகள், சில படகுகள். எதிர்க்கரை ஊர் கண்ணுக்குத் தெரியும். தரைவழியே போவதென்றாலோ குடாவை முழுவதும் சுற்றியாக வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு ஓரளவு நெருங்கி வருவது திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடா. பண்டாரவளையில் இருப்பவனுக்கு அங்கே என்ன உறவு என்று கேட்கலாம். நீர்தான் உறவு. நமது உமா ஓயாவும் பதுளை ஓயாவும் மகாவலியில் கலக்கின்றன. 335 கிலோமீற்றர் நீளமான மகாவலி இக்குடாவிலேதான் கடலைச் சேர்கிறது. 2024இல் திறக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் அந்த நீரில் ஒரு பகுதியைச் சுரங்கவழியே தெற்கே திருப்பியுள்ளது. எனினும் உறவு முற்றாக அறுந்துவிடவில்லை.

குடாவைச் சுற்றி மூதூர், கிண்ணியா, சம்பூர் என ஊர்கள். தமிழரும் முஸ்லிம்களும் வயலிலும் கடலிலும் உழைத்து வாழும் மண் இது. 1660இல் றொபேட் நொக்ஸ் கண்டியரசனின் ஆட்களிடம் சிறைப்பட்டதும் இக்கரையிலேதான். பத்தொன்பது ஆண்டுகளின் பின் தப்பிய அவர் எழுதிய நூல் 1681இல் வெளிவந்தது. அந்நியர் எழுதியது அது. மண்ணின் மைந்தர் எழுதியதை அறிய, மூதூர் தந்த வ. அ. இராசரத்தினத்தின் 'தோணி' சிறுகதையைப் படியுங்கள். சொந்தத் தோணிக்கு ஏங்கும் ஓர் ஏழை மீனவனின் உள்ளம் அதில் இருக்கிறது.

தோணி அங்கே அலங்காரப் பொருளன்று. கிண்ணியாத் துறையை மக்கள் நெடுங்காலம் 'பாதை' எனப்படும் மிதவையிலேயே கடந்தனர். 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல்தான் வந்தது. அதன் பின்னரும், 2021 நவம்பர் 23இல், பாலவேலை முடியாதிருந்த குறிஞ்சாக்கேணியில் மிதவை கவிழ்ந்து பள்ளிக்குப் புறப்பட்ட பிள்ளைகள் மாண்டனர்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்பது மாணவர் அறிந்ததே. ஒரு நிலத்திற்குரிய ஒழுக்கம் வேறொரு நிலத்திலும் நிகழலாம்; அதனைத் திணைமயக்கம் என்கிறது இலக்கணம். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்களை மண் மூடியபோது, நெய்தலின் இரங்கல் நமது மலைக்கும் வந்தது. ஆபத்தான இடம் என முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான காணியும் வீடும் மட்டும் வந்து சேரவில்லை.

ஒதுங்கிய ஊர் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கொட்டியாரத்து ஊர்களை ஒதுக்கியது கடல் மட்டுமன்று. காலத்தில் வராத பாலமுந்தான். நமது லயன்களை ஒதுக்கியதும் மலை மட்டுமன்று. இயற்கை வைத்த தூரத்துக்கு மேல் மனிதர் வைத்த தூரமே அதிகம். இயற்கையின் அழகை எழுதுகிறவர்கள் இந்தத் தூரத்தையும் எழுத வேண்டும். இராசரத்தினம் தமது ஊரை அப்படித்தான் எழுதினார். நமது மலைகளைப் பற்றியும் அவ்வாறு இன்னும் எழுத வேண்டியது நிறைய உண்டு.