மலைவழியே ஒரு நெடுநடை



கண்டியை அடுத்த அம்பிட்டியவுக்கு அணித்தே உயர்ந்து நிற்பது ஹந்தானை மலைத்தொடர். அங்குள்ள தேயிலை அருங்காட்சியகத்தின் அருகில் தொடங்குகிறது பெக்கோ நடைவழி. 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட அவ்வழி 22 பகுதிகளாக வகுக்கப்பெற்று, கலஹா, ஹப்புத்தளை, எல்ல முதலிய ஊர்களைத் தொட்டு நுவரெலியாவில் முடிகிறது. நாளுக்கொரு பகுதியாக நடப்பினும் மூன்று வாரத்துக்கு மேலாகும். கலஹாவைக் கடந்தால் லூல்கந்துர. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட தோட்டம் அதுவே.

இன்று உல்லாசமாக நடப்போர் ஒன்றை எண்ணுதல் வேண்டும். இவ்வழிகள் பொழுதுபோக்குக்காகத் தோன்றியவை அல்ல. தேயிலையை ஏற்றிச் செல்லவே எழுந்தவை. அத்தோட்டங்களை உருவாக்கியோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர். அவர்தம் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை வரை கால்நடையாக வந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர்; அவர்க்கு நடுகல்லும் இல்லை.

அந்த வருகையின் 200ஆம் ஆண்டு நினைவாக, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபவனி, ஓகஸ்ட் 12 இல் மாத்தளையை அடைந்தது. நடந்தோர் வேண்டியது இரக்கமன்று; காணியும் வீடும் சமவுரிமையுமே.

மலையழகைக் காணச் செல்வோர், வழியோரத்து லயன் அறைகளையும் காண்பர். அங்கு வாழ்வோரிடம் நின்று நாலு வார்த்தை பேசிச் செல்க. அவ்வழியின் வரலாறு அவர்களிடமே உண்டு.