நாற்று முத்துவதற்குள் நடவேண்டும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரை)



போன கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது ஓர் அக்கா என்னிடம் கேட்டார்: "ஏம்மா, ஒரு வருஷமா திட்டம் திட்டம்னு எழுதுறீங்க. நாத்து முத்திப்போச்சே, எப்பத்தான் நடுறது?" எனக்கு அப்போது பதில் வரவில்லை. இன்று அந்த அக்காவுக்குப் பதில் சொல்லத்தான் நிற்கிறேன்.

குறுவை நாற்றை 25 நாளுக்குள் பறித்து நடவேண்டும். நாள் கடந்த நாற்று பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். நட்டால் தூர் கட்டாது, மகசூல் குறையும். இது எனக்குப் படிப்பு சொல்லித் தரவில்லை, நீங்கள் சொல்லித் தந்தது. நம் ஐந்தாண்டுத் திட்டமும் நாற்றங்காலிலேயே நின்று முத்திக்கொண்டிருக்கிறது.

இதனால் என்ன நஷ்டம்? திட்டத்தின் முதல் பக்கத்திலேயே தார்ப்பாய் வாங்கிக் குறைந்த வாடகைக்கு விடுவது என்று எழுதியிருந்தோம். பணம் வங்கியில் இருந்தது. "முழுத் திட்டமும் முடியட்டும், சேர்த்துத் தீர்மானம் போடலாம்" என்று தள்ளி வைத்தோம். ஐப்பசி மழை நம் தீர்மானத்துக்காகக் காத்திருக்கவில்லை. ரோட்டில் கொட்டி வைத்த குறுவை நெல் நனைந்தது. அரசு தளர்வு கொடுத்தால் தவிர, 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். குத்தகை நிலத்தில் பாடுபட்ட நம் உறுப்பினர் ஒருவர், வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டுக் கண்ணீரோடு வீட்டுக்குப் போனார்.

தாமதத்துக்கு யார் காரணம்? முதல் காரணம் நான்தான். தொலைநோக்கு, குறிக்கோள், உத்தி என்று படித்த வார்த்தைகளைப் போட்டுப் படிவத்தை மூன்று முறை மாற்றினேன். இரண்டாவது, நடவு நேரத்தில் கூட்டம் வைத்தோம். நடவுக் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்? கோரம் இல்லை என்று இரண்டு கூட்டம் கலைந்தது. மூன்றாவது, முடிவெடுத்தால் பழி வருமோ என்ற பயம். "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்பதே நம் தீர்மானப் புத்தகத்தில் அதிகம் வந்திருக்கிறது.

அதற்காக நாலு பேர் உட்கார்ந்து ஒரே நாளில் எழுதிவிடலாமா? கூடாது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் கூலிக்காரப் பெண்ணின் தேவையைக் கேட்க நேரம் பிடிக்கும். அந்த நேரம் வீண் இல்லை, அது உழவு. கேட்டு முடித்த பிறகும் முடிவெடுக்காமல் இருக்கிறோமே, அதுதான் வீண்.

காத்திருப்பது டெல்டாவுக்குப் புதிதல்ல. காவிரி நடுவர் மன்றம் 1990-ல் அமைந்தது. இறுதித் தீர்ப்பு வர 2007 ஆனது. மேலாண்மை ஆணையம் அமைய 2018 ஆகிவிட்டது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். இவையெல்லாம் நம் கையில் இல்லை. நம் தீர்மானப் புத்தகம் நம் கையில்தானே இருக்கிறது?

குஜராத்தில் அகமதாபாத் பெண்களைப் பாருங்கள். சேவா சங்கத்தில் காய்கறி விற்பவர்கள், சுமை தூக்குபவர்கள் என ஏழைப் பெண்கள் சேர்ந்து 1974-ல் சொந்த வங்கி தொடங்கினார்கள். 4,000 பேர் ஆளுக்கு 10 ரூபாய் பங்கு போட்டார்கள். பதிவு செய்யப் போனால் கையெழுத்து ஒரு தடையாக நின்றது. எல்லோரும் படித்து முடிக்கட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. பொறுப்பேற்ற பெண்கள் இரவெல்லாம் உட்கார்ந்து தங்கள் பெயரை மட்டும் எழுதப் பழகினார்கள். எழுதத் தெரியாத வாடிக்கையாளருக்குப் பாஸ்புக்கில் போட்டோ ஒட்டினார்கள். அடுத்த அடிக்கு எது தடையோ, அதை மட்டும் முதலில் நீக்கினார்கள்.

நாமும் அப்படிச் செய்யலாம். மூன்று யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, திட்டப் பேச்சை வயல் வேலை குறைந்த சித்திரை, வைகாசியில் வைப்போம். குழுக்களில் சித்திரையில் பேசி, கூட்டமைப்பில் வைகாசிக்குள் முடிப்போம். கூட்டம் சாயங்காலம் நடக்கட்டும்.

இரண்டு, முழுத் திட்டத்துக்காக அவசர வேலை நிற்கக்கூடாது. பணமும் சம்மதமும் இருக்கும் வேலைக்குத் தனித் தீர்மானம் போடுவோம். தார்ப்பாய்த் தீர்மானத்தை இன்றே போடலாம்.

மூன்று, ஒவ்வொரு வேலைக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதுவோம். நம் தேவைகளைக் கிராம வறுமை குறைப்புத் திட்டமாக எழுதி அக்டோபர் 2 கிராம சபையில் கொடுத்தால் ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர வழி இருக்கிறது. அந்தத் தேதியை விட்டால் வேலை இன்னும் தள்ளிப்போகலாம்.

என் பங்குக்கு, படிவத்தை ஒரே பக்கமாக்கிக் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாம் நாம் பேசுகிற தமிழில்தான் இருக்கிறது. பிடிக்காததை அடித்துவிடுங்கள், விட்டுப்போனதைச் சேருங்கள். ஆனால் இன்று கையெழுத்துப் போடாமல் கலையவேண்டாம்.

பஸ் ஸ்டாப்பில் கேட்ட அக்கா இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். அக்கா, முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள்.